கல்கத்தா 1946: பிப்ரவரிக் கூட்டமும் ஆகஸ்ட் கூட்டமும்

இழையைத் தொடங்கிய கேள்வி:
"இந்து முஸ்லிம் பகை ஆயிரம் வருஷத்துப் பகை. வெள்ளைக்காரன் துப்பாக்கியைக் காட்டி அடக்கி வைத்திருந்தான். அவன் கிளம்பப் போகிறான் என்று தெரிந்ததும் வெட்டிக்கொண்டார்கள். இதில் பிரித்தாளும் சூழ்ச்சி எங்கே வந்தது? பள்ளிக்கூடப் பாடத்தைத் தவிர வேறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்."

மே 3, காலை

ஆயிரம் வருஷத்தைப் பற்றிப் பேச எனக்குத் தெம்பில்லை. ஆறு மாதத்தைப் பற்றிப் பேசுகிறேன். ஒரே ஊர், ஒரே வருஷம்.

1946 பிப்ரவரி 11, கல்கத்தா. இந்திய தேசிய ராணுவத்தைச் சேர்ந்த கேப்டன் அப்துல் ரஷீதுக்கு ஏழு வருஷக் கடுங்காவல் என்று தீர்ப்பு வந்திருந்தது. முஸ்லிம் லீக் மாணவர்கள் ஊர்வலம் கிளம்பினார்கள். கம்யூனிஸ்ட் மாணவர்களும் காங்கிரஸ் பக்கத்து மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். போலீஸ் தடியடி, துப்பாக்கிச் சூடு. மறுநாள் ஊரே கடையடைப்பு, மாபெரும் பொதுக்கூட்டம். மேடையில் இருந்தவர்களைப் பாருங்கள்: முஸ்லிம் லீக்கின் சுஹ்ரவர்தி, காந்தியவாதி சதீஷ் சந்திர தாஸ்குப்தா, கம்யூனிஸ்ட் சோம்நாத் லாகிரி. அடுத்த இரண்டு நாள் தெருத்தெருவாக ராணுவ லாரிகள் எரிந்தன. சுடப்பட்டுச் செத்தவர்களில் இரண்டு மதத்தாரும் உண்டு.

ஆகஸ்ட் 16. அதே ஊர், அதே தெருக்கள், அதே சுஹ்ரவர்தி. இந்து முஸ்லிம் கலவரம். நாலைந்து நாளில் ஏறக்குறைய நாலாயிரம் பேர் செத்தார்கள் என்பது அரசாங்கத்துக் கணக்கு. அதைவிட அதிகம் என்பவர்கள் நிறைய. வீடிழந்தவர்கள் லட்சத்துக்கு மேல்.

ஆயிரம் வருஷப் பகை பிப்ரவரியில் எங்கே போயிருந்தது? அதைச் சொல்லுங்கள் முதலில்.

மே 3, இரவு

"பிப்ரவரியில் தெருவுக்கு வந்தது படித்த பையன்கள், ஆகஸ்டில் வந்தது வேறு கூட்டம்" என்று ஒருவர். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் ஜூலை 29ஐ என்ன செய்வீர்கள்? அன்றைக்குத் தபால் ஊழியர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாகக் கல்கத்தா முழுக்க நின்றுபோனது. டிராம் ஓடவில்லை, ஆலை ஓடவில்லை. அந்தத் தொழிலாளர்கள் எல்லோரும் கல்லூரியா போனார்கள்?

அதே ஜூலை 29ல்தான் பம்பாயில் முஸ்லிம் லீக் கவுன்சில் கூடி, ஆட்சி மாற்றம் பற்றிப் பேச லண்டன் அனுப்பிய அமைச்சரவைத் தூதுக்குழுவின் திட்டத்துக்குக் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற்று, ஆகஸ்ட் 16ஐப் பாகிஸ்தான் கோரிக்கைக்கான நேரடி நடவடிக்கை நாள் என்று அறிவித்தது. ஒரே தேதி. கல்கத்தாவில் இரு மதத்துத் தொழிலாளியும் ஒன்றாகத் தெருவில் நிற்கிறான். பம்பாயில் அவனுக்காக வேறொரு நாள் குறிக்கிறார்கள். இடையில் இருந்தது பதினெட்டு நாள்.

மே 4

பிரித்தாளும் சூழ்ச்சி என்றால் லண்டனில் யாரோ மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்து திட்டம் போட்டது மாதிரி ஒரு சித்திரம் நமக்குப் பாடப்புத்தகத்தில் கிடைத்திருக்கிறது. எனக்கும் அது சலித்துப்போன விஷயம். சூழ்ச்சியை விட்டுவிட்டு தேர்தல் எப்படி நடந்தது என்று பாருங்கள், போதும்.

1909 முதல் தனித்தொகுதி. முஸ்லிம் வேட்பாளருக்கு முஸ்லிம் மட்டுமே ஓட்டுப் போடுவார். இந்து வேட்பாளர் முஸ்லிம் தெருவுக்குள் ஓட்டுக் கேட்டு நுழையவே வேண்டாம். நுழைந்தாலும் அங்கே அவருக்கு ஓட்டு கிடையாது. ஒரு அரசியல்வாதியை நாற்பது வருஷம் இப்படிப் பழக்கினால் எப்படிப் பேசுவான்? தன் ஆள்களிடம் மட்டும் பேசுவான். அவர்களிடம் மட்டும் பேசுகிறவனுக்கு மிதமாகப் பேசி லாபமில்லை.

இதற்கு மேல், ஓட்டு எல்லோருக்கும் கிடையாது. 1935 சட்டப்படி சொத்து, வரி, படிப்பு பார்த்துத்தான் ஓட்டு. மொத்த மக்கள்தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒருவர். எங்கள் வீட்டில் பாட்டனாருக்கு ஓட்டு இருந்தது, நிலவரி கட்டியதால். அவர் வயலில் இறங்கி வேலை செய்த யாருக்கும் கிடையாது. "1946ல் இந்திய முஸ்லிம்கள் பாகிஸ்தானுக்கு ஓட்டுப் போட்டார்கள்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த வயல்தான் ஞாபகம் வரும்.

வங்காளச் சட்டசபையை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 250 இடம். முஸ்லிம்களுக்கு 119. இந்துக்களின் பொதுத்தொகுதி 80. அந்த எண்பதில் 30 தாழ்த்தப்பட்டோருக்கு, பூனா ஒப்பந்தப்படி. ஐரோப்பியர்களுக்கு மட்டும் 25! மாகாணத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த சணல், தேயிலை முதலாளிகளுக்கு இருபத்தைந்து இடம். யார் ஆட்சி அமைத்தாலும் அந்த இருபத்தைந்தின் தயவு வேண்டும். இதற்குச் சூழ்ச்சி என்று பேர் வைக்காவிட்டால் போகிறது. ஏற்பாடு என்று வையுங்கள்.

மே 5

கேள்வி கேட்ட நண்பர் மீண்டும்: "1937ல் உத்தரப் பிரதேசத்தில் நேரு இரண்டே இரண்டு மந்திரி பதவியை லீக்குக்குக் கொடுத்திருந்தால் பாகிஸ்தானே வந்திருக்காது."

இது டீக்கடை வரலாற்றின் நிரந்தர உறுப்பினர். அன்று அதன் பேர் ஐக்கிய மாகாணம். காங்கிரஸுக்குத் தனிப் பெரும்பான்மை. லீக் சார்பில் கலிகுஸ்ஸமான், நவாப் இஸ்மாயில் கான் என்ற இருவரைச் சேர்ப்பது பற்றிப் பேச்சு நடந்தது. சட்டசபையில் லீக் தனிக் குழுவாக இருக்கக்கூடாது, கலைந்துவிட வேண்டும் என்று காங்கிரஸ் நிபந்தனை போட்டது, பேச்சு முறிந்தது. மௌலானா ஆசாத் பிற்காலத்தில் இதைப் பெரிய தவறு என்று எழுதினார். தவறுதான். ஆனால் அந்தத் தேர்தலில் லீக்குக்கு நாடு முழுக்க முஸ்லிம் ஓட்டில் ஐந்து சதவீதம்கூடக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "இவர்கள் யாருக்குப் பிரதிநிதி?" என்று காங்கிரஸ் நினைத்ததில் ஆணவம் இருந்தது. கணக்கும் இருந்தது.

என்னைக் கேட்டால் அந்த வருஷத்தின் பெரிய இழப்பு லக்னோவில் நடக்கவில்லை, வங்காளத்தில் நடந்தது. ஃபஸ்லுல் ஹக் என்று ஒரு மனிதர். கிருஷக் பிரஜா கட்சி. ஜமீன்தாரி ஒழிப்பு, கடன் நிவாரணம், எல்லோருக்கும் பருப்பும் சோறும், இவ்வளவுதான் அவர் தேர்தல் பேச்சு. படுவாகாலியில் டாக்கா நவாப் குடும்பத்து நஜிமுதீனை நேருக்கு நேர் நின்று தோற்கடித்தார். லீக்கின் பெரிய தலை ஒரு குடியானவர் கட்சியிடம் தோற்றது.

ஹக் முதலில் பார்த்தது காங்கிரஸ் பக்கம். மாகாணக் காங்கிரஸில் சிலருக்கு ஆசை இருந்தது. பதவி ஏற்பதா வேண்டாமா என்று மேலிடம் இன்னும் முடிவு செய்யவில்லை. முதலில் அரசியல் கைதிகள் விடுதலையா, முதலில் குத்தகைச் சட்டமா என்று இழுபறி வேறு. ஹக் லீக்கோடு போனார். மூன்று வருஷத்தில், பாகிஸ்தான் கோரிக்கைக்கு அடிப்படையான லாகூர் தீர்மானத்தை முன்மொழிந்தவரே அவர்தான், 1940 மார்ச்சில்.

வங்காளக் காங்கிரஸில் கல்கத்தா வக்கீல்களும் கிராமத்தில் நிலம் வைத்திருந்தவர்களும் நிறைய. அவர்களுக்குக் கைதிகளை விடச் சொல்வது எளிது, குத்தகைச் சட்டத்துக்குக் கை தூக்குவது கஷ்டம். கிழக்கு வங்காளத்தில் குடியானவன் பெரும்பாலும் முஸ்லிம், நிலக்காரனும் வட்டிக்காரனும் பெரும்பாலும் இந்து. வயிற்றுச் சண்டை மதச் சண்டையாகப் பேர் மாறுவதற்கு இதைவிட வாகான இடம் கிடையாது.

மே 6

"நீங்கள் கம்யூனிஸ்டா?" என்று தனிமடல். இல்லை ஐயா. ஓய்வு பெற்ற வங்கி ஊழியன். வட்டிக்காரர் பக்கத்து ஆள்.

மே 9

ஆகஸ்ட் 16க்கு வருவோம்.

மே மாதம் தூதுக்குழுத் திட்டம். மையத்துக்கு வெளியுறவு, பாதுகாப்பு, தகவல் தொடர்பு மட்டும். மாகாணங்கள் மூன்று தொகுப்பாகும். ஜின்னா ஜூன் 6ல் ஒத்துக்கொண்டார், காங்கிரஸ் ஜூன் கடைசியில், ஆயிரம் "ஆனால்"களோடு. அஸ்ஸாமை வங்காளத்தோடு ஒரே தொகுப்பில் கட்டிப்போட்டதை அஸ்ஸாம் காங்கிரஸ் ஏற்கவே இல்லை. ஜூலை 10ல் நேரு பம்பாயில் பத்திரிகையாளர்களிடம், அரசியல் நிர்ணய சபைக்குப் போக மட்டும்தான் ஒத்துக்கொண்டோம், தொகுப்பு ஏற்பாடு அநேகமாக வராது என்கிற பாணியில் பேசினார். வெளிப்படையாகப் பேசுவது அவர் சுபாவம். அந்த வாரத்தில் அவர் தொண்டை கட்டிப் படுத்திருக்கலாம் என்று தோன்றுகிறது. ஜின்னாவுக்கு அந்தப் பேச்சு போதுமானதாக இருந்தது. அரசியல் சட்ட வழிகளுக்கு இன்றோடு விடை என்று சொன்னார்.

இந்தியா முழுக்க நேரடி நடவடிக்கை நாள் அனுசரிக்கப்பட்டது. பெரும்பாலான இடங்களில் கூட்டம் கூடிக் கலைந்தது. ஏன் கல்கத்தா மட்டும்?

அங்கேதான் லீக் ஆட்சியில் இருந்தது. சிந்துவிலும் இருந்தது, ஆனால் சிந்து கல்கத்தா ஆகாது. மார்ச் தேர்தலில் 119 முஸ்லிம் இடங்களில் 110க்கு மேல் லீக் பிடித்திருந்தது. ஏப்ரலில் சுஹ்ரவர்தி பிரதமர். (மாகாண முதல்வரை அப்போது பிரதமர் என்றுதான் சொல்வார்கள்.) மாகாணத்தில் முஸ்லிம் பெரும்பான்மை, தலைநகரத்தில் முஸ்லிம் ஏறக்குறைய நாலில் ஒருவர். கடை, கிடங்கு, வக்கீல் தொழில், பத்திரிகை எல்லாம் பெரும்பாலும் இந்துக்கள் கையில். ஆட்சி ஒருவர் கையில், ஊர் இன்னொருவர் கையில்.

சுஹ்ரவர்தி அன்று பொது விடுமுறை விட்டார். கட்சி அறிவித்த கடையடைப்புக்கு அரசாங்க விடுமுறையா என்று காங்கிரஸ் சட்டசபையில் சத்தம் போட்டது. விடுமுறை விட்டால் கடையைத் திறப்பவனுக்கும் மூடச் சொல்பவனுக்கும் மோதல் குறையும் என்று அதிகாரிகள் கணக்குப் போட்டார்கள். கவர்னர் பர்ரோஸ் சம்மதித்தார். ரயில்வே தொழிற்சங்கத்திலிருந்து வந்த மனிதர், பதவிக்கு வந்து ஆறு மாதம்கூட நிறையவில்லை.

வெள்ளிக்கிழமை, ரம்ஜான் மாதம். காலையிலேயே மாணிக்தலா பக்கம் கடை மூடச் சொல்லி அடிதடி. மத்தியானம் மைதானத்தில் ஆக்டர்லோனி தூண் அடியில் பெருங்கூட்டம். கூட்டத்துக்கு வந்தவர்கள் கையில் கம்பு இருந்தது, வரும் வழியில் மாடிகளில் செங்கல் குவித்து வைத்திருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாதவர் எழுதியதை நான் படிப்பதில்லை. கூட்டம் கலைந்து திரும்பும்போது கொள்ளை. இரவில் கொலை. முதல் நாள் ஒரு பக்கம் ஓங்கியிருந்தது, அடுத்த நாள் மறுபக்கம். மெட்டியாபுரூஸ் லிச்சுபாகானில் கேசோராம் ஆலையின் ஒரியாத் தொழிலாளர்கள் கொத்தாகக் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கு வங்காள அரசியலோடு என்ன சம்பந்தம்? வேலைக்கு வந்தவர்கள். வேறு வட்டாரங்களில் முஸ்லிம் சேரிகளுக்கும் அதே கதி.

மே 10

சுஹ்ரவர்தி மைதானத்தில் என்ன பேசினார் என்று கேட்டவருக்கு. போலீஸும் ராணுவமும் தலையிடாது என்ற பொருளில் பேசினார் என்பது குற்றச்சாட்டு. பேச்சு முழுதாகப் பதிவாகவில்லை, வந்த குறிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. தலையிடாதே என்று போலீஸுக்கு உத்தரவு போனதாகவும் தடயமில்லை. ஆனால் போலீஸ் செயல்பட்டதாகவும் தடயமில்லை! அவர் லால்பஜார் போலீஸ் தலைமையகத்துக் கட்டுப்பாட்டு அறையில் போய் உட்கார்ந்துகொண்டது உண்மை. ஒரு பிரதமர் அங்கே உட்கார்ந்தால் கமிஷனர் யாரைப் பார்த்து வேலை செய்வார்? ஆங்கிலேயர் பத்திரிகையான ஸ்டேட்ஸ்மன்கூட மந்திரிசபையைக் கடுமையாகச் சாடியது.

"எல்லாம் லீக் மட்டுமே செய்தது" என்பவர்களுக்கு ஒரு கடிதம். படேல் அந்த வாரத்திலேயே, ஆகஸ்ட் 21ல், ராஜாஜிக்கு எழுதுகிறார்: இது லீக்குக்கு நல்ல பாடமாக இருக்கும், செத்தவர்களில் முஸ்லிம்கள்தான் அதிகம் என்று கேள்விப்படுகிறேன் என்று. தெருவில் பிணம் கிடந்த வாரம் அது. பெரிய தலைவர்களின் அந்தரங்கக் கடிதங்களைப் படிப்பதில் உள்ள தொந்தரவு இது. அதற்கப்புறம் அவர்கள் சிலையைப் பழைய மாதிரி பார்க்க முடிவதில்லை.

மே 12

நான் எங்கிருந்து இதையெல்லாம் பேசுகிறேன் என்று கேட்டிருக்கிறார்கள். நியாயம். தொண்ணூறுகளில் கல்கத்தாவுக்கு மாற்றலாகிப் போனேன். லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தேன். அங்கே போனால் மாம்பலம் மாதிரிதான், வாழைப்பூவிலிருந்து அப்பளம் வரை கிடைக்கும். வீட்டுக்காரர் மாடியில். 46ல் கல்லூரி மாணவர். பிப்ரவரிக் கதையை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வார். லாரியை எப்படி மறித்தார்கள், தார் பீப்பாயை உருட்டிவிட்டு எப்படி ஓடினார்கள், கண்ணீர்ப்புகை குண்டை ஈரச் சாக்கு போட்டு எப்படி அமுக்கினார்கள், கூட ஓடிய முஸ்லிம் நண்பன் எந்தச் சந்துக்குள் இழுத்துக் காப்பாற்றினான் எல்லாம். ஆகஸ்டைக் கேட்டால் அரசாங்கத்தைத் திட்டுவார், ராணுவம் தாமதமாக வந்ததைத் திட்டுவார். தான் எங்கே இருந்தோம் என்று சொல்லமாட்டார். நானும் குடைந்து கேட்கவில்லை. வாடகைக்கு இருப்பவன்.

இதை எழுதிக்கொண்டு வரும்போது எனக்கே ஒரு சந்தேகம். இந்த இழையில் பிப்ரவரியை ஏதோ பொற்காலம் மாதிரி எழுதிக்கொண்டு வருகிறேன். பிப்ரவரியில் பழகிய வித்தைகள்தானே ஆகஸ்டில் பயன்பட்டன? சந்துகளை மறிப்பது, மாடியில் செங்கல் சேர்ப்பது, போலீஸ் வண்டியைக் கண்டால் கலைவது, போனதும் கூடுவது. ஆறு மாதத்துக்கு முன் எந்தப் பையன் தைரியசாலி என்று பேட்டைக்குத் தெரிந்திருந்தது. ஆகஸ்டில் அவனைத்தான் கூப்பிட்டிருப்பார்கள்.

அதிகாரிகளும் பிப்ரவரியைத்தான் மனதில் வைத்திருந்தார்கள். ஆகஸ்ட் கூட்டமும் அரசாங்கத்துக்கு எதிராகத் திரும்பும், வெள்ளைக்காரன் வண்டியைத்தான் எரிக்கும் என்று எதிர்பார்த்தார்கள். தங்கள் மேல் பாயாது என்று தெரிந்ததும் நிதானமாகத்தான் அசைந்தார்கள். பெருமளவில் ராணுவம் இறங்கியது 17ஆம் தேதிக்கு மேல்தான்.

அதனால் என் முதல் குறிப்பை இப்படி முறுக்கிக்கொள்கிறேன்: பிப்ரவரி ஒற்றுமை பொய்யில்லை. ஆனால் எதிரே பொதுவாக ஒருவன் நிற்கிறவரைதான் அது செல்லுபடி. மார்ச்சுக்குள் எதிரே நிற்பவன் கிளம்புவது உறுதியாகிவிட்டது. அவன் நாற்காலியில் யார் உட்காருவது என்ற பேச்சு ஏப்ரலில் தொடங்கிவிட்டது.

மே 13

இன்னொன்று விட்டுப்போயிற்று. 1943. முப்பது லட்சம் பேர்வரை பட்டினியிலும் நோயிலும் செத்த மாகாணம் அது. பஞ்சத்தின்போது உணவு வழங்கல் மந்திரி இதே சுஹ்ரவர்தி. அரிசிக் கொள்முதல் லீக்குக்கு வேண்டிய வியாபாரிக்குப் போனது என்று இந்துக்கள் சொன்னார்கள். அரிசியைப் பதுக்கியது இந்து வியாபாரி என்று லீக் சொன்னது. கஞ்சித்தொட்டியில்கூட யார் சமைத்தது, யாருக்கு ஊற்றினார்கள் என்று சண்டை. பிணத்தைத் தாண்டி நடக்கப் பழகிவிட்ட ஊர். ஆகஸ்டில் கிடந்த பிணங்கள் கல்கத்தாவுக்குப் புதுக்காட்சி இல்லை. இதை ஒரு காரணமாகச் சொல்ல வரவில்லை. கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

மே 16

"நம்ம ஊர் முஸ்லிம்களும் லீக்குக்குத்தானே ஓட்டுப் போட்டார்கள்? அப்படியானால் பாகிஸ்தானுக்குத்தானே?" இது எதிர்பார்த்த கேள்வி.

போட்டார்கள். சென்னை மாகாணத்தில் முஸ்லிம் தொகுதிகளை 46ல் லீக் வாரிக்கொண்டு போனது. 1941 ஏப்ரலில் லீக்கின் அகில இந்திய மாநாடே சென்னையில் நடந்தது, ஜின்னா வந்தார். அதற்கு முந்தைய வருஷம் பெரியார் பம்பாய் போய் ஜின்னாவைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். திராவிட நாட்டுக் கோரிக்கைக்குத் துணை கிடைக்குமா என்று. அனுதாபம் கிடைத்தது, துணை கிடைக்கவில்லை.

ஆம்பூர் தோல்மண்டிக்காரரோ காயல்பட்டினத்து வியாபாரியோ லாகூருக்குக் குடிபெயரும் எண்ணத்தில் ஓட்டுப் போட்டார் என்று நம்புவது கஷ்டம். ஓட்டுச்சீட்டில் அவருக்கு இருந்த தேர்வு முஸ்லிமுக்கும் முஸ்லிமுக்கும் நடுவில். காங்கிரஸ் ஆட்சியில் நமக்காகப் பேச ஒரு பலமான கட்சி வேண்டும் என்று போட்டிருப்பார். பிரிவினைக்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்த்தாலே தெரியும். 1947 டிசம்பரில் கராச்சியில் கூடி லீக் இரண்டாகப் பிரிந்தது. இந்தியப் பகுதி 1948 மார்ச்சில் சென்னையில்தான் புதிதாகத் தொடங்கியது, தலைவர் காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப். அவர் எங்கும் போகவில்லை. அரசியல் நிர்ணய சபையில் தனித்தொகுதி தொடர வேண்டும் என்று மட்டும் பிடிவாதமாக வாதாடினார். அதில் எனக்கு உடன்பாடில்லை, மேலே எழுதிய காரணத்தால்தான். ஆனால் கலவரப் பேச்சு காதில் ஒலித்துக்கொண்டிருந்த சபையில் எழுந்து அதைக் கேட்க நெஞ்சுரம் வேண்டும்.

மே 16, சற்று நேரம் கழித்து

ராஜாஜியைத் துரோகி என்ற நண்பருக்கு. 1942 ஏப்ரலில் சென்னைச் சட்டசபைக் காங்கிரஸ் கட்சியைக் கொண்டு, லீக்கின் பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்கலாம் என்று தீர்மானம் போடவைத்தார். அலகாபாத்தில் அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி அதை 120க்கு 15 என்று தூக்கி எறிந்தது. கட்சியை விட்டு வெளியேறினார். 1944ல் அவர் திட்டத்தைத்தான் காந்தி கையில் எடுத்துக்கொண்டு ஜின்னா வீட்டுக்குப் போனார், செப்டம்பர் 9 முதல் 27 வரை. முஸ்லிம் பெரும்பான்மை மாவட்டங்களில் எல்லா மக்களிடமும் வாக்கெடுப்பு, பிரிந்தால் பாதுகாப்புக்கும் வணிகத்துக்கும் பொது ஏற்பாடு. பூச்சி அரித்த பாகிஸ்தான் எனக்கு எதற்கு என்றார் ஜின்னா. 1947ல் அவர் வாங்கிக்கொண்டது ஏறத்தாழ அதே வரைபடம். எல்லா மக்களிடமும் வாக்கெடுப்பு இல்லாமல், பொது ஏற்பாடும் இல்லாமல், பிணங்களோடு.

42ல் ஏற்றிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. "நடந்திருந்தால்" வரலாறு எனக்கு ஒத்துக்கொள்ளாது. மே 5ல் ஃபஸ்லுல் ஹக்கை வைத்து நானே அதைச் செய்துவிட்டேன் என்று யாராவது சுட்டிக்காட்டுவதற்குள் இந்தக் குறிப்பை முடிக்கிறேன்.

மே 22

கல்கத்தாவோடு முடியவில்லை. அக்டோபர் 10, லட்சுமி பூஜை நாள், கிழக்கு வங்காளத்து நவகாளி மாவட்டம். அங்கே முஸ்லிம்கள் எண்பது சதவீதத்துக்கு மேல். முன்னின்றவர் குலாம் சர்வர், முன்னாள் எம்.எல்.ஏ. குடியானவர் பக்கம் நின்று ஜெயித்தவர், 46ல் லீக் வேட்பாளரிடம் தோற்றவர். தோற்ற அரசியல்வாதி தன் சமூகத்துக்குள் திரும்ப ஏறிவர எந்தப் படியைப் பிடித்தார் என்று கவனியுங்கள். தனித்தொகுதி பற்றி மே 4ல் எழுதியதற்கு இதைவிட அசிங்கமான உதாரணம் எனக்குத் தெரியாது. கொலை, கட்டாய மதமாற்றம், பெண்களைத் தூக்கிச் செல்வது. செத்தவர் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில். பத்திரிகைகளிலும் வாய்வழியாகவும் அது பல ஆயிரமாகி பீகாருக்குப் போய்ச் சேர்ந்தது.

பீகாரில் அக்டோபர் 25ல் நவகாளி தினம். அடுத்த இரண்டு வாரத்தில் அங்கே கொல்லப்பட்ட முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில். ஆட்சியில் இருந்தது காங்கிரஸ். கலவரக்காரர்கள் மேல் விமானத்திலிருந்து குண்டு போடுவேன் என்று நேரு மிரட்டும் அளவுக்குப் போனது. பிறகு ஐக்கிய மாகாணத்துக் கட்முக்தேஸ்வர், மார்ச்சில் பஞ்சாபின் ராவல்பிண்டி. ஒவ்வொரு ஊரும் முந்தைய ஊருக்குப் பழி வாங்கியது. முந்தைய ஊர்க்காரன் யாரும் இந்த ஊரில் இல்லை. அப்போது கைப்பேசி இல்லாமலே இவ்வளவு வேகம்.

காந்தி நவகாளியில் ஜனவரி முதல் வெறுங்காலோடு ஊர் ஊராக நடந்தார். வழியில் மலத்தைக் கொட்டி வைத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பீகார் முஸ்லிம்கள் "எங்களிடம் எப்போது வருவீர்கள்?" என்று கேட்டதும் மார்ச்சில் அங்கே கிளம்பியதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

மே 23

ஜோகேந்திரநாத் மண்டல் பற்றி ஒரு வரியாவது எழுதச் சொன்னார்கள். வங்காளத் தலித் தலைவர். 1946ல் அம்பேத்கரை வங்காளத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பப் பாடுபட்டவர். அக்டோபரில் இடைக்கால அரசில் லீக் தன் சார்பில் அனுப்பிய ஐவரில் ஒருவர். இந்து என்று சொல்லி ஜமீன்தாரோடு நிற்பதைவிட முஸ்லிம் குடியானவனோடு நிற்பது மேல் என்பது அவர் கணக்கு. கிழக்கு வங்காளத்து வாழ்க்கையைப் பார்த்தால் அந்தக் கணக்கைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. பாகிஸ்தானின் முதல் சட்ட மந்திரி ஆனார். 1950ல் அங்கே தாழ்த்தப்பட்ட மக்கள் மேலேயே தாக்குதல் நடப்பதைக் கண்டு ராஜினாமா எழுதிவிட்டுக் கல்கத்தா திரும்பினார். இங்கே யாரும் அவரைச் சீந்தவில்லை. "இந்து", "முஸ்லிம்" என்று இரண்டே கட்டம் போட்டு இந்தக் காலத்தைப் படிப்பவர்கள் இவரை எந்தக் கட்டத்தில் வைப்பார்கள்?

ஜூன் 1

1905ல் கர்சன் வங்காளத்தைப் பிரித்தபோது தெருவில் இறங்கி ராக்கி கட்டிக்கொண்டு அழுத அதே படித்த இந்து வங்காளி வர்க்கம், 1947ல் பிரித்துக் கொடு என்று தந்தி அடித்தது. சுஹ்ரவர்தியும் நேதாஜியின் அண்ணன் சரத் போஸும் ஏப்ரல், மே மாதங்களில் பிரியாத, தனி வங்காளம் என்று ஒரு திட்டத்தைக் கிளப்பிப் பார்த்தார்கள். ஆகஸ்டுக்குப் பிறகு சுஹ்ரவர்தி வாயிலிருந்து வந்த எதையும் கல்கத்தா இந்து நம்பத் தயாராக இல்லை. நான் இருந்திருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

ஜூன் 20ல் வங்காளச் சட்டசபையில் ஓட்டெடுப்பு. எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தபோது, இருக்கிற அரசியல் நிர்ணய சபையில் சேர்வதற்கு எதிராக 126, ஆதரவாக 90. பிறகு தனித்தனியாக. மேற்குப் பகுதி உறுப்பினர்கள் பிரிக்கச் சொல்லி 58, எதிர்த்து 21. கிழக்குப் பகுதியினர் பிரிக்கக்கூடாது என்று 106, பிரிக்கச் சொல்லி 35. ஒரு பக்கம் கேட்டாலே போதும் என்பது மவுண்ட்பேட்டன் விதி. அந்த 58தான் தீர்மானித்தது. இருபத்தைந்து ஐரோப்பியர்கள்? அவர்களுக்கு அன்று ஓட்டு இல்லை. பத்து வருஷம் மந்திரிசபைகளை ஏற்றி இறக்கியவர்கள், வீட்டை இரண்டாக்கும் நாளில் ஒதுங்கி நின்றார்கள்.

ஜூன் 4

கல்கத்தாவில் காந்தி தங்கிய பேலியாகட்டா வீட்டைப் பற்றிக் கேட்டவருக்கு. ஹைதாரி மன்ஸில். இப்போது நினைவகம், நான் போயிருக்கிறேன், சின்ன இடம்தான். 1947 ஆகஸ்ட் 13 முதல் காந்தியும் சுஹ்ரவர்தியும் அங்கே ஒன்றாகத் தங்கினார்கள். கூட வந்து தங்கினால்தான் இருப்பேன் என்பது காந்தியின் நிபந்தனை. போன வருஷம் நடந்ததற்கு நீதானே பொறுப்பு என்று கூட்டம் கேட்டபோது சுஹ்ரவர்தி ஆமாம் என்று அங்கே ஒத்துக்கொண்டார். பதினைந்தாம் தேதி ஊர் கட்டிப்பிடித்துக் கொண்டாடியது. மாதக் கடைசியில் மறுபடி கத்தி. செப்டம்பர் 1ல் காந்தி உண்ணாவிரதம்.

அப்போது மேற்கு வங்காள கவர்னர் நம் ராஜாஜி. ராத்திரி வந்து தடுத்துப் பார்க்கிறார். குண்டர்களை எதிர்த்து உண்ணாவிரதம் இருக்க முடியுமா என்று கேட்கிறார். வக்கீல் கேள்வி, சரியான கேள்வி. குண்டர்களுக்குப் பின்னால் இருப்பவர்களின் மனதைத்தான் தொடப் பார்க்கிறேன் என்ற பொருளில் காந்தி பதில் சொல்கிறார்.

எண்பது வருஷமாகக் கலவரம் என்றால் "சமூக விரோதிகள்" என்று எழுதிப் பழகிவிட்ட நமக்கு, பின்னால் நிற்பது யார் என்ற கேள்வி உறைப்பதில்லை. செங்கல்லை மாடிக்கு ஏற்றியது கூலிக்காரன்தான். மாடி யாருடையது? செப்டம்பர் 4ஆம் தேதி ஊர்ப் பெரியவர்கள் எழுத்தில் உறுதி கொடுத்த பிறகுதான் காந்தி முடித்தார். சில பையன்கள் ஆயுதங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதை ஆச்சரியமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் தெரிவது, அந்த ஆயுதங்கள் எந்தெந்த வீட்டில் இருந்தன என்று பெரியவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதுதான்.

ஜூன் 7

இந்து எத்தனை, முஸ்லிம் எத்தனை என்று பிரித்து எண்ணிக்கை கேட்டுக்கொண்டே இருக்கிறார் நண்பர். ஆகஸ்ட் கொலைகளை விசாரிக்கத் தலைமை நீதிபதி பேட்ரிக் ஸ்பென்ஸ் தலைமையில் ஒரு கமிஷன் போட்டார்கள். மாதக்கணக்கில் சாட்சி கேட்டார்கள், தொகுதி தொகுதியாக அச்சடித்தார்கள். ஆட்சி மாறியது, அறிக்கை வரவே இல்லை. ஆற்றிலும் சாக்கடையிலும் போனதை யாரும் எண்ணவும் இல்லை. உங்களிடம் பிரித்த எண்ணிக்கை இருந்தால், அதைக் கொடுத்தவர் யார் என்றும் சேர்த்துப் போடுங்கள்.